மாஸ்டரின் கையும் என் குடையும்

எங்கள் வீட்டில் ஒரு கறுப்புக் குடை இருந்தது. வளைந்த பிடி, கோணலாகிப்போன இரண்டு கம்பி, துணியில் நானே தைத்த ஓர் ஒட்டு. சில வருடங்கள் எங்கள் வயலுக்காக வாக்களித்தது அந்தக் குடைதான். இதைச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கும் இப்போது வருகிறது, அப்போது வரவில்லை.

உருத்திரபுரத்தில் எங்களுடைய வயல் கீழ் வாய்க்காலில் இருந்தது. மாரிமழையோடு செய்யும் காலபோகத்துக்கு யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. கோடையில் செய்யும் சிறுபோகம் அப்படியல்ல. குளத்தில் மிஞ்சியிருக்கும் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. ஆகவே போகம் தொடங்க முன்பு விவசாயிகளான எங்களுடைய கமக்காரர் சங்கம் கூடி, எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர், எத்தனை ஏக்கருக்கு, எப்போது திறப்பது என்று கையுயர்த்தி முடிவெடுக்கும். குடும்பத்துக்கு ஒரு கை. அந்தக் கை குடும்பத் தலைவருடையது என்று சங்கத்தின் யாப்பில், அதன் சட்டப் புத்தகத்தில், எழுதியிருந்தது. குடும்பத் தலைவர் என்றால் ஆண்பிள்ளை. அதை எழுதிவைக்கவேண்டிய அவசியமே யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டுக் குடும்பத் தலைவர் என் புருசன். பள்ளிக்கூடத்தில் கணக்கும் சமூகக் கல்வியும் படிப்பித்தார். ஊர் முழுக்க அவருக்கு மாஸ்டர் என்றுதான் பெயர். நல்ல மனிதர். ஆனால் வயலில் நெல்லையும் கோரையையும் அருகருகே நட்டுவைத்தால் கோரைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வரக்கூடியவர். காணி என் பெயரில் இருந்தது. காடு வெட்டிக் குடியேறிய என் அப்பா, ஆண்பிள்ளைகள் இருந்தும், தனக்குப் பிறகு இந்தக் காணி மகளுக்கு என்று காணிக் கந்தோரில் போய்ப் பதிந்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். விதைப்பது நான், களை பிடுங்குவது நான், இரவல் உழவு இயந்திரத்துக்கு எங்கோ மண்ணெண்ணெய் தேடிப்பிடிப்பதும் நான். கை மட்டும் மாஸ்டருடையது.

சங்கக் கட்டடத்துக்கு வெளியே, வாய்க்கால் கரையில் ஒரு மருதமரம் நின்றது. கூட்டம் நடக்கும்போது பெண்கள் அதன் கீழே நின்று உள்ளே பார்க்கலாம், கதைக்கக்கூடாது. நானும் மாஸ்டரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் யன்னலுக்கு நேரே குடையை விரித்துக்கொண்டு நிற்பேன். சங்கத் தலைவர் ஒரு யோசனையைச் சொல்லிக் கையுயர்த்தச் சொல்லும்போது எனக்குச் சம்மதம் என்றால் குடையை மடக்குவேன். மடக்கினால் அவர் கையைத் தூக்குவார். விரித்தபடி நின்றால் பேசாமல் இருப்பார். இந்த ஒழுங்கு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். சில போகங்கள் ஒரு பிழையும் இல்லாமல் நடந்தது. மாஸ்டருக்கு வயல் விவகாரத்தில் நல்ல மூளை என்று ஊரில் பெயர்கூட வந்துவிட்டது.

பிறகு அந்தச் சித்திரை வந்தது. குளத்தில் தண்ணீர் குறைவு. இருக்கிறதைப் பங்குபோட்டு எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வோம் என்பது கீழ் வாய்க்கால்காரரின் விருப்பம். இந்தமுறை முழுவதையும் எங்களுக்கு விடுங்கள், அடுத்தமுறை உங்களுக்கு என்பது மேல் வாய்க்கால்காரரின் யோசனை. அந்த அடுத்தமுறை எப்போதும் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். தலைவர் முதலில் மேல் வாய்க்கால் யோசனையைத்தான் எடுத்தார். அவர் வாய் மூடவும் சோளகக் காற்று ஒன்று சுழன்று வந்து என் குடையை அப்படியே மறுபக்கம் பிரட்டிவிட்டது. கம்பி முறிந்துவிடும் என்ற பதற்றத்தில் அதை இழுத்து மடக்கினேன்.

நிமிர்ந்து பார்த்தால், உள்ளே மாஸ்டருடைய கை கூரையைத் தொடுகிற உயரத்தில் நின்றது. அவர் கை ஒன்று மட்டும் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கீழ் வாய்க்கால்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாஸ்டர் கணக்குப் பார்க்காமல் தூக்கமாட்டார், இதில் ஏதோ விசயம் இருக்கிறது என்று நினைத்து அவர்களிலும் நாலைந்து பேர் கையைத் தூக்கிவிட்டார்கள். எங்கள் தண்ணீரை எங்கள் ஆட்களே கைதூக்கிக் கொடுத்து முடிந்தது.

நான் வாசலுக்கு ஓடிப்போய், அது பிழையாகத் தூக்கின கை, கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று சொன்னேன். தலைவர் கெட்டவரல்ல. எங்களுக்குத் தூரத்து உறவும்கூட. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“மாஸ்டர் தூக்கின கையை மனுசி வந்து இறக்கேலுமே, தங்கச்சி?”

கட்டடம் முழுக்கச் சிரித்தது. மாஸ்டரும் என்ன செய்வதென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை அவருக்கு நான் லேசில் விடவில்லை. அன்றிலிருந்து சோற்றைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன். கதை பேச்சில்லை. காற்றால் மடங்கினது என்று தனக்கு எப்படித் தெரியும் என்று அவர் அலுமாரியைப் பார்த்து நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்களுக்காவது மாஸ்டரின் சம்பளம் இருந்தது. எங்கள் வயலுக்கு அடுத்த வயல் மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து குடியேறிய ஒரு குடும்பத்தினுடையது. அந்தப் பெண்ணின் புருசன் ஒருநாள் சந்தைக்கென்று வெளிக்கிட்டுப் போனவன்தான், திரும்பி வரவில்லை. செத்தானா இருக்கிறானா என்று சொல்ல ஆளில்லை. ஆகவே அவள் விதவையுமில்லை, அவளுடைய வீட்டுக்குக் கையுமில்லை. இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியாகவே வயல் செய்தாள். அந்தச் சிறுபோகம் இல்லாமல் போனதும் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, அதே வயலில் கூலிக்குக் களை பிடுங்கவேண்டிய நிலை வந்தது. நான் வேலியோரம் போய், காற்றால் வந்த வினை என்று சமாதானம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

“ஒங்களுக்குக் கொடயக் காட்டவாவது உள்ளுக்க ஒரு ஆளு இருக்காரு அக்கா. நான் யாருக்குக் காட்டுறது?”

நான் இத்தனை நாளும் என் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்த குடை, அவளுக்கு எட்டாத ஒரு வசதி. பின்னேரம் மாஸ்டர் சமாதானம் பேச வந்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, யோசித்து ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தார். இனிமேல் குடை வேண்டாமாம், சிவப்பு லேஞ்சி, வெள்ளை லேஞ்சி என்று இரண்டு கைக்குட்டை வைத்துக்கொண்டால் காற்றடித்தாலும் குழப்பம் வராதாம்.

“சைகையை மாத்தவேண்டாம்,” என்றேன். “ஆளை மாத்துங்கோ.”

அதற்கு அவர், ஆண்டுக் கூட்டத்தில் யாப்பைத் திருத்தக் கேட்கலாம் என்றும், அதைத் தானே பிரேரிப்பதாகவும் சொன்னார். குடும்பத் தலைவர் என்று இருக்கிற இடத்தில், அந்த வயலைச் செய்கிறவர் என்று போடவேண்டும். அவ்வளவுதான் எங்கள் கோரிக்கை. ஒரு வயலுக்கு ஒரு கை, செய்கிறவருடைய கை. அன்றைக்கு அவருக்குப் பொரியலோடு சோறு போட்டேன்.

அதற்குள் குடை விசயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. வாய்க்கால் கரையில் குளிக்கப் போனால், இன்றைக்குக் குடை விரித்ததோ மடக்கினதோ என்று கேலி. கேலி செய்த பெண்களையே ஒவ்வொருவராகப் பிடித்துக் கதைத்தேன். கதைக்கக் கதைக்கத்தான் தெரிந்தது, கீழ் வாய்க்காலில் பாதி வயல் பெண்களின் கையில்தான் நடந்துகொண்டிருந்தது. ஒருத்தியின் புருசன் வெளிநாடு, ஒருத்தியினுடையவர் படுக்கை, சிலருடையவர்கள் போரில் செல்லடிபட்டுப் போய்விட்டார்கள். இருக்கிற சில ஆண்களுக்கோ கூட்டத்துக்குப் போய்வருவதுதான் கமம்.

ஆண்டுக் கூட்டத்துக்கு மருதமரத்தின் கீழே இடம் காணாமல் பெண்கள் வெயிலிலும் நின்றார்கள். குடை இருந்தவர்கள் குடையோடு, இல்லாதவர்கள் பனையோலையை, உரப்பையை, கடகத்தைத் தலைக்குமேல் பிடித்தபடி. மாஸ்டர் எழுந்து பிரேரணையை வாசித்தார். ஒரு சொல்லும் விடாமல் வாசித்தார். ஒருவர் எழும்பி, வீட்டுக்குள்ளே இரண்டு கதை வந்தால் குடும்பம் உருப்படாது என்றார். இன்னொருவர், பெண்கள் தண்ணீர் விசயத்தில் தலையிட்டால் குளத்துத் தண்ணீரைத் திறக்கிற துருசடியிலும் வந்து நிற்பார்கள் என்றார். நாங்கள் விடியற்காலையில் அந்தத் துருசடியில்தான் நிற்கிறோம் என்பது நித்திரையில் கிடக்கிற அவருக்குத் தெரியாது. தலைவர், யாப்பு யாப்புத்தான், குடும்பத்துக்குத் தலைவர் ஒருவர் வேண்டும் என்று முடிக்கப் பார்த்தார்.

அப்போதுதான் என் பக்கத்து வயல்காரி வாசல்படியில் ஏறினாள். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் திறக்க முன்பு ஒவ்வொரு வயல்காரரும் தங்கள் பங்கு வாய்க்காலைத் துப்பரவாக்கவேண்டும். செய்யாதவர்களின் பெயரைக் கூட்டத்தில் உரக்க வாசித்து, உள்ளே கூப்பிட்டுக் குற்றப்பணம் வாங்குவார்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்து கிடந்த ஒரு வருடம் அவளுடைய பெயரையும் வாசித்தார்கள். புருசனின் பெயரை அல்ல, அவளுடைய பெயரை.

“குத்தப்பணம் கட்ட என் பேரத்தான் வாசிச்சீங்க. உள்ளுக்கு வான்னு கூப்பிட்டீங்க. அப்ப நான் யாருங்க? இப்ப நான் யாருங்க?”

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் திரும்பப் போட்டார். வந்திருந்த நீர்ப்பாசன உத்தியோகத்தர், யாப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு கை வேண்டும், எடுத்துப் பாருங்கள் என்றார். பெண்ணுக்குக் கை கொடுக்கலாமா என்பதற்கும் ஆண்களின் கைதான் எண்ணப்படவேண்டும். அந்த அநியாயத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

கை தூக்கச் சொன்னதும் வெளியே நான் குடையை மடக்கினேன். என் பக்கத்தில் நின்றவள் மடக்கினாள். பிறகு எல்லோரும். பனையோலைகள் இறங்கின, உரப்பைகள் இறங்கின, கடகங்கள் நிலத்துக்கு வந்தன. உச்சி வெயில் எங்கள் தலையில் நேரே இறங்கியது. ஒருத்தியும் நிழலுக்கு ஒதுங்கவில்லை. உள்ளே மாஸ்டரின் கைதான் முதலில் எழும்பியது, அவரைப் பார்த்துப் பல கைகள். ஆனால் எப்போதும் வெளியே பராக்குப் பார்க்கிற சில ஆண்களுக்கு அன்றைக்கு மட்டும் கழுத்துச் சுளுக்கு. யன்னல் பக்கம் திரும்பவே இல்லை. எண்ணிப் பார்த்தபோது மூன்றில் இரண்டு வரவில்லை.

தோற்றுவிட்டோம். ஆனால் திரும்பி வரும்போது வாய்க்கால் கரை முழுக்கப் பெண்கள்தான். ஒருத்தியும் தலையைக் குனிந்து நடக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் எதிலும் தோற்றதில்லை.

அன்று பின்னேரம் மாஸ்டர் எங்கள் விறாந்தையில் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சமூகக் கல்வி சொல்லிக்கொடுத்தார். நாட்டின் அரசியல் யாப்புப்படி சட்டத்தின் முன்னால் எல்லோரும் சமம், ஆண் பெண் என்று வேறுபாடு காட்டக்கூடாது என்று அவர் சொன்னது குசினிக்குள் கேட்டது. பிள்ளைகள் போனபிறகு கேட்டேன், அப்படியென்றால் அப்பா பதியாமல் போயிருந்தால் காணி எனக்கு வந்திருக்குமோ? அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். வந்திராது என்றார். குடியேற்றக் காணிச் சட்டத்தில் வரிசை உண்டு, ஆண்பிள்ளைகளுக்குப் பிறகுதான் பெண்பிள்ளை. அந்தச் சட்டம் பழையது, ஏற்கெனவே இருந்த சட்டங்கள் அப்படியே செல்லும் என்று அதே அரசியல் யாப்பில் இன்னோர் இடத்தில் இருக்கிறது என்றார். முன் பக்கத்தில் தருகிறார்கள், பின் பக்கத்தில் பறிக்கிறார்கள். எங்கள் சங்கத்து ஆட்களை மட்டும் கோபித்துப் பயனில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. எங்கோ நகரங்களில் படித்த பெண்களும் இதே வழக்கைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று மாஸ்டர் சொன்னார். அவர்களை நான் கண்டதில்லை. ஆனாலும் எங்கள் மருதமரத்தடியும் அதில் சேர்த்திதான் என்று நினைத்தபோது மனம் நிமிர்ந்தது.

அடுத்த கூட்டத்தில் திரும்பவும் கேட்டோம். திரும்பவும் கைகள் போதவில்லை. பிறகு தொண்ணூற்றாறில் சண்டை ஊருக்குள்ளேயே வந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடவேண்டி வந்தது. ஊரே விசுவமடுப் பக்கம் போய் மரங்களுக்குக் கீழே கிடுகும் தறப்பாளும் போட்டு இருந்தது. அங்கே வயலுமில்லை வாய்க்காலுமில்லை, அத்தனை குடும்பத்துக்கும் ஒரு கிணறு. முதல் கிழமை அந்தக் கிணற்றடியில் நடந்த சண்டையை எழுதினால் கைகூசும். வாளியால் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஆண்கள் கூடிப் பேசினார்கள், முடிவு வரவில்லை.

என் பக்கத்து வயல்காரி யாரையும் கேட்காமல் கிணற்றடியில் போய் நின்றாள். குடிக்கிற தண்ணீர் விடியலில், குளிக்கிறது பின்னேரம், கைக்குழந்தைக்காரிகள் முன்னுக்கு, கிணறு ஊறுவதற்கு மத்தியானம் ஓய்வு. அவள் சத்தம் போடவில்லை, ஆனால் யாருடைய முகத்தையும் பார்த்து முறையை மாற்றவுமில்லை. நான் அவளுக்குத் துணையாக நின்றேன். ஒருநாள் வரிசையில் சங்கத் தலைவர் நின்றார், கையில் ஒரு நெளிந்த வாளி. முன்னால் நின்றவர்கள் மரியாதைக்கு விலகி இடம்விட்டார்கள். அவள் அவரைப் பார்த்து, உங்கள் முறை இன்னும் வரவில்லை ஐயா என்றாள். அவர் பின்னுக்குப் போய் நின்றார். அந்தக் கிணற்றடியில் நாங்கள் இருந்த காலம் முழுக்க இன்னொரு மண்டை உடையவில்லை.

ஊருக்குத் திரும்பினபோது வீட்டுக்குக் கூரையில்லை, சங்கக் கட்டடத்துக்குச் சுவரும் அரைவாசி. மிதிவெடி பார்த்து முடித்த வயல்களில் மட்டும் இறங்க விட்டார்கள். வாய்க்கால் முழுக்க நாயுருவியும் காட்டாமணக்கும். மருதமரம் மட்டும் ஒரு கிளை முறிந்தபடி அப்படியே நின்றது. திரும்பி வந்த பிறகு நடந்த முதல் சிறுபோகக் கூட்டத்தை அந்த மரத்தின் கீழேதான் வைத்தார்கள். நாங்கள் இவ்வளவு காலமும் நின்ற இடத்துக்குச் சங்கமே இறங்கி வந்துவிட்டது.

மாஸ்டர் வழமைபோலப் பிரேரணைக் கடதாசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். எடுக்கவேண்டி வரவில்லை. தலைவர், வயதும் இடப்பெயர்வும் சேர்ந்து மெலிந்துபோனவர், தானே எழும்பினார். எங்களுடைய அந்தப் பழைய திருத்தத்தைத் தான் பிரேரிப்பதாகச் சொன்னார். மேல் வாய்க்கால்காரர் ஒருவர் இது என்ன திடீர் ஞானம் என்று முணுமுணுத்தது கேட்டது. தலைவர் என் பக்கத்தில் நின்றவளைக் காட்டினார்.

“விசுவமடுவிலை என்ரை வாளிக்கு முறை சொன்ன பிள்ளை இவா. அங்கை ஒருத்தரும் மறுக்கேல்லை, நானும் மறுக்கேல்லை. இஞ்சை வாய்க்காலுக்கு முறை சொல்ல மட்டும் ஏலாதோ?”

கைகள் எழும்பின. கழுத்துச் சுளுக்குக்காரர்கள்கூடச் சுகமாகிவிட்டிருந்தார்கள். உத்தியோகத்தர் எண்ணி முடித்து, நிறைவேறியது என்றார். அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. நான் அழுதேன். வெட்கமில்லாமல், எல்லோருக்கும் முன்னால் அழுதேன்.

உறுப்பினர்கள் முன்னுக்கு வந்து இருங்கள் என்று தலைவர் சொன்னார். மாஸ்டர் எழும்பினார். என்னை இருக்கச் சொல்லிவிட்டு, குடையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போய் நின்று அதை விரித்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். இந்தமுறை நானும் சிரித்தேன்.

பிறகு தண்ணீர் விசயம் வந்தது. பழைய கதைதான். கீழ் வாய்க்கால் சிதைந்து கிடக்கிறது, தண்ணீரை விட்டால் மண் குடித்துவிடும், ஆகவே இந்தமுறை மேல் வாய்க்காலுக்கு மட்டும் என்று ஒரு யோசனை. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கணக்கு. நான் கரைப் பக்கம் பார்த்தேன். மாஸ்டரும் மனதுக்குள் கணக்குப் பார்த்திருக்கவேண்டும். காற்று ஒரு பொட்டும் அடிக்கவில்லை. குடையை ஒழுங்காக, மெதுவாக மடக்கினார்.

என் கை மடியிலேயே இருந்தது. அடுத்ததாக, கீழ் வாய்க்காலைப் பத்து நாளில் நாங்களே வெட்டித் துப்பரவாக்கித் தருகிறோம், தண்ணீரை எல்லோருக்கும் பங்குபோடுங்கள் என்று என் பக்கத்து வயல்காரி கேட்டாள். அதற்குத் தூக்கினேன். அவள் தூக்கினாள், எங்களுக்குப் பின்னால் கீழ் வாய்க்கால் பெண்கள் எல்லோரும் தூக்கினார்கள். ஒருத்தியும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சிறுபோகம் எல்லா வயலுக்கும் தண்ணீர் வந்தது.

கூட்டம் முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். குடையைக் கைபிடியில் கொளுவியிருந்தார். பாதி வழி வந்தபிறகு கேட்டார்.

“நான் குடையை மடக்கினனான். நீர் காணேல்லையோ?”

“கண்டனான்,” என்றேன்.